தறிவீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும்

(காஞ்சிபுரத்தில் பள்ளி ஆசிரியர்களும் நூலகர்களும் பெற்றோரும் கூடிய அவையில், இளையோருக்காக எழுதும் எழுத்தாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிகளுக்கு எழுத்தாளர்கள் வருவது பற்றியும், அங்கே நடக்கும் எழுத்துப் பட்டறைகள் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 13 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக எழுதிவருகிறேன். அந்த வயதுக்காரர்களைத் தேடிப் பள்ளிகளுக்குப் போவதும் என் வேலையின் ஒரு பகுதி. அதனால் இது எனக்கு நெருக்கமான பேச்சு.

காஞ்சிபுரத்துக்கு வரும்போதெல்லாம் மணிமேகலை நினைவுக்கு வருவாள். அவளைக் காப்பியத் தலைவி என்றும் பௌத்தத் துறவி என்றும் படித்துப் படித்து, அவள் சின்னப் பெண் என்பதை மறந்துவிட்டோம். அவள் எப்படி வாழ வேண்டும் என்று பாட்டி சித்திராபதி ஒன்று நினைக்கிறாள். தாய் மாதவி வேறொன்று நினைக்கிறாள். அரசிளங்குமரன் உதயகுமரன் விடாமல் பின்தொடர்கிறான். அவன் கொலையுண்டதும் இவள் சிறைவைக்கப்படுகிறாள். எல்லாவற்றையும் கடந்து, பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் பசி தீர்க்கிறாள். இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள், ஒருத்திகூடக் கொட்டாவி விட மாட்டாள். வீட்டில் பெரியவர்கள் தங்களுக்காக முடிவெடுப்பது அவர்களுக்குத் தெரியும். டியூஷன் விட்டு வரும்போது பின்னாலேயே சைக்கிளில் வருகிறவனையும் தெரியும்.

ஆனால் அந்தப் பெண்கள் எடுத்துப் படிக்க, அவர்கள் வயதுக்கு எழுதப்பட்ட புத்தகம் என்று நூலக அலமாரியில் தேடினால் கை சீக்கிரமே காலி இடத்துக்கு வந்துவிடும். சின்னக் குழந்தைகளுக்கு நமக்கு நல்ல மரபு உண்டு. அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். ‘கண்ணன்’ பத்திரிகையை ஆர்வி நடத்தினார். அம்பை தம் பதின்வயதில் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ அந்தப் பத்திரிகையின் போட்டியில் பரிசு பெற்ற நாவல்தான். அப்படிப் பிள்ளைகளையே எழுத வைத்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு இரா. நடராசனின் ‘ஆயிஷா’ என்ற கதை ஆசிரியர்களிடையே கைக்குக் கை பரவியது. அண்மைக் காலத்தில் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல்களையே பாருங்கள். 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. புத்தகங்கள் வருகின்றன. அவற்றை எழுதியவர்களும் பிள்ளைகளும் எப்படிச் சந்திக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

வழக்கமாக நடப்பது உங்களுக்கே தெரியும். எழுத்தாளர் வருகிறார் என்றால் மைதானத்தில் பந்தல் போடுவார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை. 600 பிள்ளைகள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தாளர் முக்கால் மணி நேரம் வாசிப்பின் பெருமை பேசுவார். கேள்வி கேட்க மூன்று பிள்ளைகளை ஆசிரியர் முதல் நாளே தயார் செய்திருப்பார். குழுப்படம் எடுத்ததும் எல்லாம் முடிந்தது. அன்புடன் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அந்த 600 பேரில் ஒருவர் எழுதிய ஒரு வரியைக்கூட அந்த எழுத்தாளர் படிக்கவில்லை.

அதனால் என்னை அழைக்கிறவர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வகுப்பறை போதும், மைக் வேண்டாம். 30 பேர், மிஞ்சினால் 40 பேர். நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்கி அனுப்ப வேண்டாம். இரண்டு மணி நேரம் மணி அடிக்காமல் இருக்க வேண்டும். இடைவெளி விட்டு மறுபடியும் வர அனுமதி வேண்டும், ஏனென்றால் முதல் சந்திப்பில் பிள்ளைகள் எனக்காக எழுதுவார்கள். இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில்தான் தங்களுக்காக எழுதுவார்கள். இன்னொன்று, தமிழாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவரும் எழுத வேண்டும். இதைக் கேட்டதும் பலர் தயங்குகிறார்கள். ஆனால் தங்கள் ஆசிரியர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு எழுத்தின்மேல் உள்ள பயம் பாதி போய்விடுகிறது.

இனி இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி.

காஞ்சிபுரம் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பில் முதல் நாள் “உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள்” என்றேன். பெரும்பாலானவர்கள் முன்னுரை என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டார்கள். ஆயிரம் கோயில் நகரம், பட்டு நகரம், உலகப் புகழ், புவிசார் குறியீடு, முடிவுரை. எல்லாம் பிழையில்லாத வாக்கியங்கள். அவற்றில் வீடு இல்லை. பிள்ளையார்பாளையத்தில் தறி இருக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும், அப்பா ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைக்கும் ஒரே கட்டுரை.

அப்புறம் சிறிய கேள்விகளாகக் கேட்டேன். காலையில் கண் விழித்ததும் முதலில் காதில் விழுவது என்ன? மழைக்காலத்தில் வீட்டில் என்ன மாறும்? அம்மா உட்கார்ந்து எதைச் செய்யும்போது உன்னிடம் பேசுவார்? வகுப்பறையே மாறிவிட்டது. மழை பெய்து தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் தறி நின்றுபோகும், அந்த நாட்களில் வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள் என்று ஒரு பையன் எழுதினான். அம்மா தார் சுற்றும்போது மட்டும்தான் தன் பள்ளிக் கதைகளைக் கேட்பார், ராட்டை நின்றுவிட்டால் அம்மாவின் காதும் மூடிக்கொள்ளும் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். முந்தி நெருங்க நெருங்க அப்பாவின் முகம் மாறும், சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கி வரும் மாலையில்தான் அவரிடம் எதையும் கேட்கலாம் என்று இன்னொருத்தி. அக்கா கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்கக் கடைக்குப் போனபோது, தன் அப்பா நெய்த மாதிரியே ஒரு சேலையின் விலைச்சீட்டைப் படித்ததையும், அப்பா அதைப் பார்க்காத மாதிரி வெளியே போய் நின்றதையும் ஒரு பையன் அரைப் பக்கத்தில் எழுதினான். அந்த அரைப் பக்கம் இன்னமும் என்னிடம் இருக்கிறது.

நெசவாளியின் கதையைப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொ.மு.சி. ரகுநாதன் 1953இல் ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். அது செக் மொழிக்கும் போனது. இந்த ஊரின் பெயரிலேயே பிரியதர்ஷன் ‘காஞ்சிவரம்’ எடுத்தார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. மகளுக்குப் பட்டுச்சேலை நெய்ய வேண்டும் என்று துடிக்கும் தகப்பனின் கதை அது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மகள் என்ன நினைத்தாள்? தறிவீட்டுப் பிள்ளை தன் வாயால் சொன்ன கதை நம்மிடம் எங்கே இருக்கிறது?

அது இல்லாததற்கு இந்த ஊரில் ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையில் வந்து பின்னிக்கொள்ளும். மூன்று நாடா வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெடுங்காலம் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு குழந்தையே இருந்தது. சொந்த வீட்டுப் பிள்ளை மட்டுமில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் உட்கார்த்தப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்குப் பிறகும் நிலைமை நீடித்தது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தறிக்குழியில் கால் வைத்திருந்த அந்தத் தலைமுறை இன்று நாற்பதை நெருங்கும் அப்பாவாகவும் அம்மாவாகவும் இருக்கிறது. அவர்களில் பலருக்கு எழுத்து ஒரு அடைக்கப்பட்ட கதவு. அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று நம் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோருக்குக் கிடைக்காத பேனா இந்தப் பிள்ளைகள் கையில் இருக்கிறது. அதைப் பிடித்து “ஆயிரம் கோயில் நகரம்” என்று மட்டும் எழுத வைத்தால், அந்தப் பெற்றோருக்கு நாம் இரண்டாம் முறை அநீதி செய்கிறோம் என்று நினைக்கிறேன்.

பட்டறையில் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். சிலவற்றை வெளியிலிருந்து கற்றேன், சிலவற்றை இந்த ஊரே கொடுத்தது.

இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரோதாரி 1972இல் ரெஜ்ஜோ எமிலியா நகரத்தில் ஆசிரியர்களைச் சந்தித்து, குழந்தைகள் கதை உண்டாக்கும் வழிகளைப் பேசினார். அடுத்த ஆண்டே அது ‘கற்பனையின் இலக்கணம்’ என்ற புத்தகமாயிற்று. அவருடைய புகழ்பெற்ற உத்தி, ஒட்டாத இரண்டு சொற்களை எடுத்து மோதவிடுவது. நாய், அலமாரி என்று இரண்டைச் சொல்லி, இடையில் முன்னிடைச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுவார். தமிழில் இது இன்னும் நன்றாக வருகிறது. வேற்றுமை உருபுகள் இருக்கின்றனவே! நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய், நாய்க்கு அலமாரி, நாயால் அலமாரி. எட்டாம் வகுப்பில் வேற்றுமை நடத்துகிற ஆசிரியர்கள் இதை ஒரு பாடவேளை செய்து பாருங்கள். இலக்கணமும் நிற்கும், நான்கு கதையும் கிடைக்கும்.

இதே இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியில், தேர்வில் தள்ளப்பட்ட எட்டுப் பையன்கள் சேர்ந்து 1967இல் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று ஷாஜஹான் அதைத் தமிழில் தந்திருக்கிறார். அவர்கள் எழுதிய முறை எனக்கு மிகவும் உதவுகிறது. எல்லோரும் பையில் சிறு நோட்டு வைத்திருப்பார்கள். தோன்றியதை ஒரு தாளுக்கு ஒன்றாக எழுதுவார்கள். பிறகு எல்லாத் தாள்களையும் மேசையில் கொட்டி, ஒரே கருத்து இரண்டு முறை வந்திருந்தால் எடுத்துவிட்டு, சேர்ந்தவற்றை அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் அத்தியாயமாக்கி, எல்லோருமாக உட்கார்ந்து வெட்டித் திருத்துவார்கள். தனியாக ஒரு பக்கம் எழுத முடியாத பிள்ளைகூட ஒரு தாளில் ஒரு வரி எழுதிவிடும். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு தெருவின் கதையை இப்படி எழுத முடியும். காலையில் தெருவில் பாவு நீட்டுவதை ஒருவர், அதைத் தாண்டிப் பள்ளிக்கு ஓடுவதை ஒருவர், ஜக்கார்டு அட்டையின் சத்தத்தை ஒருவர், திருவிழா அன்று தறி ஓடாத வீட்டை ஒருவர்.

வெளியே போகாமலும் உத்தி கிடைக்கும். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசம்’ இந்த ஊர்த் தெருக்களில் நடக்கிற நாடகம். ஒரு கபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. அவன் வழியில் வந்த பௌத்தப் பிட்சுவைப் பிடித்துச் சண்டை போடுகிறான். கடைசியில் ஒரு பித்தனிடம் அது கிடைக்கிறது. அதை ஒரு நாய் கவ்விக்கொண்டு போயிருந்தது. அரசன் எழுதியதில் அரசனே இல்லை, தெருவும் சண்டையும்தான். இதைச் சொல்லிவிட்டு, “உங்கள் தெருவில் ஒரு பொருள் தொலைந்து போகிறது, யார்மேல் முதலில் சந்தேகம் விழும்?” என்று கேட்டால் பிள்ளைகள் எழுதிக்கொண்டே போகிறார்கள். யார்மேல் முதலில் சந்தேகம் விழும் என்ற கேள்வியில் அந்தத் தெருவின் சாதியும் வசதியும் எல்லாம் வந்துவிடும். அதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அரசனைப் பாட மறுத்த கணிகண்ணன் நாடு கடத்தப்படுகிறான். திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்புகிறார். அவர் சொல் கேட்டுப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓரிக்கை வரை போய்விடுகிறார். பாட மாட்டேன் என்று சொன்ன ஒரு இளைஞனால் ஊரே இருண்டது! இதைப் பிள்ளைகளிடம் மறுபடி எழுதச் சொல்லும்போது, கடவுள் இல்லாத காலையில் கண் விழித்த ஒரு பூக்கடைக்காரரின் வாயால் சொல்லச் சொல்கிறேன். யார் கண்ணிலிருந்து கதையைச் சொல்வது என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

திருத்துவதைப் பற்றி ஆசிரியர்களிடம் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். குமரக்கோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடிய வரலாற்றை மரபு எப்படிச் சொல்கிறது? பகலில் 100 பாடல் எழுதி இரவில் கருவறையில் வைப்பார்; காலையில் முருகன் திருத்தியிருப்பான். அரங்கேற்றத்தில் முதல் பாட்டின் புணர்ச்சியிலேயே ஒருவர் தடை எழுப்ப, விடை சொல்ல அவகாசம் கேட்க வேண்டியிருந்தது. முருகனே திருத்திய பாட்டுக்கே தடை வந்திருக்கிறது; பதினைந்து வயதுப் பிள்ளையின் சந்திப் பிழைக்கு நாம் கோபப்படுவது எதற்கு? அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, முருகன் எழுதியவரைத் தள்ளிவிடவில்லை என்பது. ஒவ்வொரு நாளும் படித்தான். பேராசிரியர் ச. மாடசாமி ‘என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா’ என்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டும். என் பட்டறையில் முதல் வரைவில் சிவப்பு மை கிடையாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன்: “அப்போது உன் தம்பி எங்கே இருந்தான்?” “அந்தச் சேலை என்ன நிறம்?” பிள்ளை அடுத்த வரைவைத் தானே எழுதும். எழுத்துப் பிழையை மூன்றாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஊர் நெசவாளர் வீடுகளில் தமிழ் மட்டும் பேசுவதில்லை. தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு, சௌராஷ்டிரம், கன்னடம் பேசுகிற வீடுகளும் உண்டு. பாட்டி தெலுங்கில் திட்டினால் அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதலாம். பேச்சு வழக்கில் உரையாடல் எழுதினால் மதிப்பெண் போகும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். “காட்சியைக் கண்டு கவினுற எழுதுக” என்று பத்தாம் வகுப்பில் அருமையான ஒரு வினா வைத்திருக்கிறோம். ஆனால் எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஒரே கவிதையை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்க்காமலே பதில் எழுதப் பழகிவிட்டால், பிறகு எதைத்தான் பார்ப்பார்கள்?

இனி மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய ஒன்று. இந்த வயதில் பிள்ளைகள் மனம் திறந்து எழுதத் தொடங்கினால், நாம் எதிர்பார்க்காதவையும் வரும். வீட்டுக் கடன், அப்பாவின் குடி, சாதிப் பேச்சு, தொடக்கூடாத விதத்தில் தொட்ட உறவினர். ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ வாசித்துவிட்டு விவாதித்த வகுப்புகளில் பிள்ளைகள் தாமாகப் பேச வருவதுண்டு. அந்த நேரத்தில் எழுத்தாளர் தனியாக எதையும் செய்யக்கூடாது. போக்சோ சட்டம் 2012இன்படி, பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரியவந்தவர் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லா வகுப்பறையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பட்டறை தொடங்கும் முன்பே தலைமையாசிரியரும் எழுத்தாளரும் உட்கார்ந்து, இப்படி ஒன்று வந்தால் யாரிடம் சொல்வது என்று பேசி முடித்திருக்க வேண்டும். பிள்ளைகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூலையில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தால் நான் மட்டும் படிப்பேன், வகுப்பில் வாசிக்க மாட்டேன், ஆனால் உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடியவரிடம் சொல்வேன். ரகசியம் காப்பேன் என்று பொய்யாக வாக்குக் கொடுக்கக்கூடாது. அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் வீட்டுத் துயரத்தைப் பெயரோடு ஆண்டுமலரில் அச்சிடுவதும் கூடாது. சின்ன ஊர் இது. அந்தத் தகப்பனார் மறுநாளும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

எழுதியவை எங்கே போகும்? பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களில் பிள்ளைகளின் படைப்புகள் வருகின்றன; அனுப்புங்கள். ஆனால் அச்சில் வருவதற்குக் காத்திருக்க வேண்டாம். கையெழுத்துப் பத்திரிகை என்று ஒன்று நம் ஊர்களில் இருந்தது. ஒரே பிரதி. ஒருவர் எழுத, ஒருவர் படம் வரைய, நூலகத்தில் வைத்தால் ஊரே புரட்டும். ‘திராவிட நாடு’ வார இதழை 1942இல் இந்த ஊரிலிருந்து அண்ணா தொடங்கினார். நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இங்கே பச்சையப்பன் பள்ளியில் படித்து, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர் அவர். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பத்திரிகை நடத்துவது அந்நியமான காரியம் இல்லை.

கடைசியாக, நடைமுறைக்கு வருகிறேன். பட்டறையை ஜூலையிலிருந்து நவம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பட்டறைக்கு அழைக்காதீர்கள். தேர்வு நேரத்தில் அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. ஒன்பதும் பதினொன்றும்தான் சரியான வகுப்புகள். வரும் எழுத்தாளருக்குப் பயணச் செலவும் ஒரு சிறு தொகையும் கொடுங்கள். பொன்னாடைக்கும் பந்தலுக்கும் ஆகும் பணமே போதும். எழுத்தாளர் கிடைக்கவில்லையென்றால் காத்திருக்காமல் தமிழாசிரியரே தொடங்கலாம், நூலகர் தொடங்கலாம். தார் சுற்றிக்கொண்டே கதை சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்துப் பிள்ளைகளைக் குறிப்பெடுக்கச் சொல்லலாம். அரங்கின் வாசலில் ஒரு மேசையில் தாள் வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் எந்த வகுப்பு, எந்த மாதம், எந்த அறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதப்போகும் ஆசிரியரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.